இன்ஹேலர் எடுத்தும் வீசிங் அடங்கவில்லை என்றால் அது சிவியர் ஆஸ்துமாவா?

கேள்வி: மூன்று வருடமாக ஆஸ்துமா. தினமும் இன்ஹேலர் எடுத்தும் அடிக்கடி நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. 'சிவியர் ஆஸ்துமா'வாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எப்படி உறுதி செய்வார்கள்? ஆயுசுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைதானா?

பதில்:

மாத்திரைதானா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் தேவைப்படாது. நான் டாக்டர் இல்லை. 31 வயதில் ஆரம்பித்து 14 வருடமாக இந்த வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவன். என்னிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அது உறுதியாக ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

'சிவியர்' என்றால் மூச்சுத் திணறல் பயங்கரமாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரையும், கூடவே மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் இன்னொரு மருந்தையும் சரியாக, விடாமல் எடுத்தும் அடங்காத ஆஸ்துமாவுக்குத்தான் அந்தப் பெயர். அல்லது அந்த அளவைக் குறைத்தாலே திரும்பக் கிளம்பிவிடும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர்தான் இந்த வகை. 'சரியாக, விடாமல்' என்ற இரண்டு வார்த்தையில்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்வோம். நான் இரண்டிலும் மாட்டினேன்.

புதிதாகப் பார்த்த நுரையீரல் டாக்டர் ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஒரு பஃப் எடுங்க, பார்ப்போம்" என்றார். எத்தனை வருடப் பழக்கம்! ஸ்டைலாக எடுத்துக் காட்டினேன். "வாயோரமா வெள்ளையா புகை போச்சே, கவனிச்சீங்களா? அதுதான் உங்க மருந்து" என்றார். நான் அமுக்கி முடித்த பிறகுதான் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்தில் பாதி வெளியே, மீதி தொண்டையில். ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இன்ஹேலர் முன்னால் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டினால் இந்த நேரக்கணக்குத் தொல்லை குறையும். பவுடர் வகைக்கு நேர் எதிர், வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன்! எதுவானாலும் ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

அடுத்த கேள்வி: "போன வருஷம் நீலக் கலர் இன்ஹேலர் எத்தனை வாங்கினீங்க?" விரல்விட்டு எண்ணி ஒன்பது என்றேன். ஒன்றில் 200 பஃப். அதில் இருப்பது சால்பியூட்டமால். அது வருடத்துக்கு மூன்று தாண்டினாலே திடீர் தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது; 12 ஆனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறதாம். அது அப்போதைக்கு மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரோ வீட்டில் பாதி தீராமல் கிடந்தது.

இவற்றைச் சரிசெய்து மூன்று மாதம் பார்த்தோம். நிறைய குறைந்தது. உங்களுக்கு இந்த இடத்திலேயே கதை முடியலாம், முடிந்தால் நல்லது. எனக்கு முடியவில்லை.

பிறகு வேறு வில்லன்களைத் தேடினார்கள். முதலில், இது ஆஸ்துமாதானா? ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்வார்கள். ஒரு விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் சாட்சி. ஆனால் நன்றாக இருக்கிற நாளில் ஊதினால் நார்மல் என்றே வரலாம். குரல்நாண்கள் தப்பான நேரத்தில் மூடிக்கொள்வதும் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். நெஞ்செரிச்சல், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, உடல் எடை, சிகரெட் எல்லாம் கேட்பார்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் தருகிற பீட்டா பிளாக்கர் மாத்திரையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்தும்கூட வீசிங்கைக் கிளப்பும். கண்ணில் விடும் சொட்டை யார் டாக்டரிடம் சொல்கிறோம்?

என் விஷயத்தில் வில்லன் மூக்கில் இருந்தான். அடுப்பில் ஏதோ தீய்ந்து புகை கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரியும்; வாசனையே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் போட்ட ஒரு மணி நேரத்தில் மூக்கடைத்து இளைப்பு வந்ததும் நினைவுக்கு வந்தது. மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்துமா, வலி மாத்திரை ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வரும் ஒரு வகை இருக்கிறது. தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னதால் யாரும் முடிச்சுப் போடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளை அணு; சிலவகை ஆஸ்துமாவில் கூடும்) எனக்கு முதலில் 90தான் வந்தது, 'ஒன்றுமில்லை' என்றார்கள். அப்போது நான் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது ஈசினோஃபிலை அமுக்கிவிடும். கோர்ஸ் முடிந்து மூன்று வாரம் கழித்து எடுத்தால் 640. மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி விட்டுவிடாதீர்கள். இதோடு ஐ.ஜி.இ. (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்), மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமை ஆகியவற்றையும் பார்த்தார்கள்.

எந்த வகை வீக்கம் என்று தெரிந்தால்தான் பயாலஜிக் ஊசியை, அதாவது வீக்கத்தைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளை மட்டும் குறிவைக்கும் ஊசியை, தேர்ந்தெடுக்க முடியும். ஒவ்வாமை வகைக்கு ஓமலிசுமாப். ஈசினோஃபில் அதிகமென்றால் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப். டுபிலுமாப், டெசபெலுமாப் என்று வேறும் உண்டு. எனக்கு மூக்குச் சதையும் இருந்ததால் டுபிலுமாப், இரண்டு வாரத்துக்கு ஒன்று. நாலு மாதமாவது போட்டுப் பார்க்காமல் பலன் இல்லை என்று முடிவுகட்ட மாட்டார்கள். இன்ஹேலரும் தொடரும், ஊசி வந்துவிட்டதென்று அதைத் தூக்கி வைத்தால் பழைய கதைதான்.

ஊசிக்கு முந்தைய வருடம் நாலு கோர்ஸ் ஸ்டீராய்டு மாத்திரை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஒன்று. எலும்புத் தேய்மானம், கண்புரை, சர்க்கரை எல்லாம் அந்த மாத்திரையோடு வருவதால்தான் தினசரி மாத்திரையைக் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீல இன்ஹேலருக்கும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போனால் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலரையும், தீர்ந்துபோனது உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகள், கண் சொட்டு மருந்தும் சேர்த்து. அவர் கேட்காவிட்டாலும் அவர் முன்னால் ஒரு பஃப் எடுத்துக் காட்டுங்கள்.