Re: மஸ்தான் சாகிபு + நாகூர் கந்தூரி, முனைவர் பட்டத் தலைப்பாகுமா?

தமிழ் எம்.ஏ. முடித்திருக்கிறீர்கள், அரபு தெரியாது, மஸ்தான் சாகிபு பாடல்களையும் நாகூர் தர்கா விழாவான கந்தூரியையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்தால் இழுக்கும். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அடங்கியிருப்பது சென்னையில். நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசர் நாகூர் ஆண்டவரின் மரபு வேறு. ஒன்றை எடுங்கள்.

பாடல் என்றால், மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியோடு அவருடைய றகுமான் கண்ணியையும் வைத்துப் படியுங்கள். முன்னதை மட்டும் பார்ப்பவர்கள் அவரைச் சித்தர் வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அரபு இலக்கணம் பிறகு வரட்டும், எழுத்தை இப்போதே பிடியுங்கள். அரபியில் இல்லாத ப, ட போன்றவற்றுக்கு அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) புள்ளி கூட்டிய எழுத்துகள் உண்டு. புள்ளி அழிந்த பிரதியில் சொல்லே மாறிவிடும்.

கந்தூரி என்றால் நாள் கணக்கில்தான் பலர் சறுக்குவது. ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தின் முதல் பிறையில் கொடியேற்றம், பத்தாம் இரவு சந்தனம் பூசுவது. பிறைக் கணக்கில் நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறைந்ததும், தொடங்கும். ஆகவே பத்தாம் இரவு பத்தாம் பகலுக்கு முந்தியது. ஒரு நாள் பிந்திப் போனால் வெறும் கூட்டம்தான் மிச்சம். ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வரும் என்பதையும் விடுப்பு போடும்போது பாருங்கள்.

வீடுகளில் இறந்தவருக்காக மூன்றாம், நாற்பதாம் நாளில் ஓதும் பாத்திஹாவுக்குப் போனால், ரெக்கார்டரை வெளியே எடுக்குமுன் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். அதே தெருவில் இதை மறுப்பவர்களின் பேச்சையும் குறித்துக்கொள்ளுங்கள்.