செட் மாத்திரையை நம்பிச் செந்தூர் நடக்கலாமா?

கேள்வி: பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 48. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை. பி.பி.க்கு டெல்மிசார்டனோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. தைப்பூசத்துக்கு எங்கள் குழு திருச்செந்தூருக்கு நடக்கிறது. நாளுக்கு 35 கிலோமீட்டர், மூன்று நாள். போன வருடம் இரண்டாம் நாளே பாதம் கொப்பளித்து, முட்டி வீங்கி, செய்துங்கநல்லூரில் பஸ் ஏறிவிட்டேன். இந்த முறை முதல் நாளிலிருந்தே செட் மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கும் என்று கூட வருபவர்கள் சொல்கிறார்கள். வெறுங்காலோடு நடந்தால் கொப்பளமே வராது என்கிறார் குருசாமி. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: அண்ணாச்சி, நடக்கலாம். ஆனால் 35 வேண்டாம், 25 போதும். மூன்று நாள் வேண்டாம், நாலு நாள். செட் மாத்திரையைத் தொடவே கூடாது. வெறுங்கால் உங்களுக்குக் கிடையாது. இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இவ்வளவு போதும்.

முதலில் மாத்திரையைப் பேசிவிடுகிறேன். தை பிறந்தால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கால் வலிக்காக வருவதில்லை, கால் வலிக்குத் தின்றதற்காக வருகிறார்கள். செட் மாத்திரை என்றால் என்ன? மெடிக்கல் ஷாப்பில் போய் “உடம்பு வலி, நடக்கணும்” என்றதும் கத்தரிக்கோலை எடுத்து நாலு அட்டையிலிருந்து இரண்டு இரண்டாக வெட்டி, ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள் இல்லையா, அதுதான். வெட்டும் லாவகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் எப்போதும் கடைக்காரர் கையில் இருக்கும் துண்டோடு போய்விடும். உங்கள் கைக்கு வருவது ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு குட்டி. அந்தக் குட்டி மாத்திரைதான் வில்லங்கம்.

அனேகமாக அது டெக்சாமெத்தசோன், இல்லையென்றால் பிரெட்னிசோலோன். இரண்டுமே ஸ்டீராய்டு. போட்ட சில மணி நேரத்தில் வலி பறந்துவிடும், பசிக்கும், உற்சாகமாக இருக்கும். “மருந்துன்னா இதுல்லா மருந்து” என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். டெக்சாமெத்தசோன் ஒரு தடவை போட்டால் ஒன்றரை, இரண்டு நாள் உடம்பில் வேலை செய்யும். மூன்று நாளும் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு உங்கள் தொழில்தானே. அதோடு, எலும்பில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்திருந்தாலும் வலி தெரியாது. அதன்மேலேயே குரும்பூர் வரை நடந்து விரிசலை முறிவாக்கிக்கொள்வீர்கள்.

மஞ்சளோ வெள்ளையோ, அதில் ஒன்று டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையாக இருக்கும். உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் அந்த ஏற்பாட்டைத்தான் அடைக்கின்றன. உங்கள் பி.பி. மாத்திரையில் இருக்கும் டெல்மிசார்டனும் நீர் பிரியும் மருந்தும் சாதாரண நாளில் நல்லவை. வெயிலில் வியர்த்துக் காய்ந்துபோன உடம்பில் இவை இரண்டோடு டைக்ளோபினாக்கும் சேர்ந்தால், மூன்றும் கூட்டாகச் சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடும். இது எப்போதோ யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றிய பயமே இதுதான்.

சட்டப்படி டைக்ளோபினாக்கும் ஸ்டீராய்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கா? 1945-லேயே விதி எழுதியாயிற்று, இன்னும் கத்தரிக்கோல் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் பாதையோரப் பந்தல்களில் ஒரு மேஜையைப் போட்டு, எந்தப் படிப்பும் இல்லாதவர் “ஒரே ஊசி, செந்தூர் வரை தாங்கும்” என்று குத்துவதும் நடக்கிறது. யார் கேட்கிறார்கள்? கேட்க வேண்டியவர்கள் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். ஊசி போடுகிறவரிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார். எழுந்து வந்துவிடுங்கள்.

வலித்தால் பாராசிட்டமால் 500 ஒன்று, ஆறு மணி நேரம் கழித்து வேண்டுமானால் இன்னொன்று. அதுவும் நடையை முடித்துப் படுக்கும்போது. நடப்பதற்காக மாத்திரை போடுவது என்ற பேச்சே கூடாது.

மாத்திரை வேண்டாம் என்றேன் என்பதற்காக, மாலை போட்டாயிற்று என்று தினசரி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கே பொருந்துவது.

உங்கள் சர்க்கரை மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், நடந்தாலும் உட்கார்ந்தாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கடையில் உட்கார்ந்து கணக்கெழுதும் உடம்புக்காக முடிவுசெய்த அளவு அது. அதே அளவைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் நடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். ரோட்டில் அப்படித் தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். அதைவிட மோசம் என்னவென்றால், நடக்கும்போது இறங்காமல் ராத்திரி தூக்கத்தில் இறங்குவது. காலியான தசைகள் இரவு முழுக்க ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்து நிரப்பிக்கொள்ளும். அதனால் நடக்கும் நாட்களுக்கு மட்டும் அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்களுக்கு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். நீங்களாகப் பாதியாக உடைக்காதீர்கள். குளுக்கோமீட்டர் ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும். காலையில் கிளம்பும் முன், பாதி வழியில், படுக்கும் முன் என மூன்று தடவை குத்திப் பாருங்கள். படுக்கும்போது 100-க்குக் கீழ் இருந்தால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். வழியில் மயக்கமாக வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், கால் மணி நேரம் உட்கார்ந்து மறுபடி சோதனை. கூட நடக்கிற ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். மெட்பார்மினை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதிகம்.

அப்புறம், தண்ணீர்ப் பந்தலில் தருவதையெல்லாம் வாங்கிக் குடிக்காதீர்கள். பானகம், ரஸ்னா, அஞ்சு அடிக்கு ஒரு டீ. கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. நன்றாகவே ஏற்றும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடிப்பதும் சரியில்லை, உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நன்றாக வியர்க்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே தருவார்கள். டப்பாவில் அடைத்து விற்கிற இனிப்புத் தண்ணீரை அதுதான் என்று நினைத்து வாங்காதீர்கள். சரியான சூத்திரத்தில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. அதுவரை எத்தனை சர்க்கரைக்காரர்கள் மருந்தென்று நினைத்து ஜூஸ் குடித்தார்களோ.

இப்போது வெறுங்கால். குருசாமி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. ஷூவுக்குள் உரசி வரும் கொப்பளம் வெறுங்காலில் வராதுதான். பதிலுக்குச் சுட்ட கொப்பளம் வரும். தை மாசத்திலும் பத்து மணிக்கு மேல் தார் ரோடு பாதத்தைப் பொசுக்கும். ஓரத்தில் இறங்கினால் சீமைக்கருவேல முள். முள் ஒடிந்து உள்ளேயே இருக்க, நாலைந்து நாள் கழித்து நாற்றம் வந்த பிறகு, “வலிக்கவே இல்லையே டாக்டர்” என்று வருவார்கள் சர்க்கரைக்காரர்கள். வலிக்காததுதான் நோயே. ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நாலடி போயிருக்கிறீர்களா? அப்படி ஒரு தடவை நடந்திருந்தாலும் உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு நெடுநடை வேண்டாம், எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு போட்டு உள்ளூர்க் கோயில் போதும். இல்லை என்றாலும் டாக்டரிடம் போய் பாதத்தில் நைலான் இழை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மாத்திரை வீடு தேடி வருகிற காலம் இது, ஆனால் நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறவர்கள் இன்னும் எண்ணி எடுக்கும்படிதான் இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். நேர்த்திக்கடன் வெறுங்கால்தான் என்றால், சன்னதித் தெருவில் செருப்பைக் கழற்றிக்கொள்ளலாம்.

ஷூ புதிதாக வேண்டாம். வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே, சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். சுத்தப் பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய சாக்ஸ் மூன்று ஜோடி இருந்தால், ஈரமானதும் மாற்றலாம். ஒரு இடம் சுடுவது போலத் தெரிந்த உடனே நின்று, அங்கே மருத்துவப் பிளாஸ்திரியை ஒட்டுங்கள். அடுத்த டீக்கடை வரை தள்ளிப்போட்டால் கொப்பளம்தான். வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள்.

வேகத்துக்கு வருகிறேன். 35 கிலோமீட்டர் என்பது மணிக்கு நாலரை என்று வைத்தாலும் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் கால் ஓடிக்கொண்டே இருப்பது. ஓய்வு, சாப்பாடு சேர்த்தால் பதினோரு மணி நேரம். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். கெடுப்பது இரண்டாம் நாள், போன வருடம் நீங்களே பார்த்தீர்கள். அதனால் பழகும்போதும் அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பழக வேண்டும். மற்ற நாளில் ஐந்து கிலோமீட்டர். சனிக்கிழமை தென்காசி வரை நடந்து, பெரிய கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள். ஞாயிறு மறுபடி அதே. மூன்றாம் வாரத்திலிருந்து திரும்பி வருவதிலும் பாதியை நடையாக்குங்கள். யாத்திரைக்கு முந்தைய வாரம் ஓய்வு.

முட்டி வீங்கியதற்கு வயது மட்டும் காரணமில்லை. தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். ஓரமாகவே நாள் முழுக்க நடந்தால் ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். ஓரத்து மண் சமமாக இருக்கும் இடங்களில் இறங்கி நடங்கள். எதிரே வண்டி வருவது தெரியும்படி வலது பக்கமாக, முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரோடு. நெல்லை - தென்காசி ரோட்டை நாலு வழியாக்கினார்கள், நிழல் தந்த மரங்கள் போயின. நடக்கிறவன் என்று ஒரு ஜாதி இருப்பதே திட்டம் போடுகிறவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. ஆகவே விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள், மிச்சத்தைச் சாயங்காலம். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் சாக்ஸைக் கழற்றி, காலைப் பையின் மேல் தூக்கி வைத்து உட்காருங்கள்.

சிறுநீர் கறுத்துக் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, ஒரே ஒரு எலும்பில் விரல் வைத்து அழுத்தும் இடத்தில் குத்தினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ அன்றோடு நடை முடிந்தது. நெஞ்சு வலித்தால் 108. பாளையங்கோட்டைக்கு அப்பால் பாதையை ஒட்டியே ரயில் போகிறது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு. ரயில் நேரத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்தால் முருகன் கோபிக்க மாட்டான்.

குழு நாலு நாளுக்குச் சம்மதிக்காது என்பது தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். முதல் இரவு சீதபற்பநல்லூர், இரண்டாம் இரவு பாளையங்கோட்டை, மூன்றாம் இரவு ஸ்ரீவைகுண்டம் பக்கம். கடைசி நாள் குழுவும் நீங்களும் ஒரே நாளில் செந்தூரில் இருப்பீர்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். உங்களை மாதிரி இன்னும் ரெண்டு பேர் அந்தக் குழுவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சீதபற்பநல்லூரில் தங்க இடத்தை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்து, அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள்.