சுமை இறங்கும் கணம்: நகரக் குறும்படம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். வசனமே இல்லாமல் நகர வாழ்க்கையைக் காட்டும் பரிசோதனைக் குறும்படம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் நாகர்கோவிலில் போனிலேயே எடுத்தோம். மூன்று மணி நேரக் காட்சிகள் சேர்ந்தன. ஏழு நிமிடமாக வெட்டிப் பின்னணி இசை போட்டோம். 'ஷாட் எல்லாம் சூப்பர், ஆனா கல்யாண டீசர் மாதிரி இருக்கு' என்கிறார்கள். இரவில் ஸ்லோமோஷனில் எடுத்ததில் கடை விளக்குகள் துடிக்கின்றன. வடசேரி பஸ் ஸ்டாண்டில் எடுத்த நீளமான ஷாட்டில் போகப்போகச் சத்தம் பின்தங்குகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? இல்லை, இந்த மாதிரிப் படத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கேமரா வாங்க வேண்டாம். சென்னைக்கும் போக வேண்டாம். விளக்குத் துடிப்பும் சத்தம் பின்தங்குவதும் அமைப்புகளை மாற்றினால் தீர்ந்துவிடும். டீசர் போல இருக்கிறது என்கிறார்களே, அதுதான் எந்தக் கேமராவாலும் தீராதது. முதலில் அதைப் பார்ப்போம்.

இசையை அணைத்துவிட்டு, படத்தின் நடுவிலிருந்து ஏதாவது இரண்டு ஷாட்டுகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். படம் முன்போலவே ஓடுகிறது என்றால் உங்களிடம் இருப்பது காட்சிகளின் சேகரம். படம் இன்னும் வரவில்லை. கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் எடுத்துத் தாளத்துக்கு வெட்டினால் எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடும். கல்யாண டீசரையும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். பார்த்தவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

கதையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு விதி உட்கார வேண்டும். எதை எடுப்பேன், எதை எடுக்கவே மாட்டேன் என்று படப்பிடிப்புக்கு முன்பே தீர்மானிக்கிற விதி. டச்சு இயக்குநர் யோரிஸ் இவன்ஸ் மன்னுஸ் ஃப்ராங்கனோடு சேர்ந்து 1929-இல் எடுத்த 'மழை' சுமார் 12 நிமிடப் படம். ஆம்ஸ்டர்டாமில் மழை வருகிறது, பெய்கிறது, ஓய்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் பல மழைகளில் எடுத்த துண்டுகளைத்தான் ஒரே மழையாக வெட்டியிருக்கிறார்கள். தெரு முழுக்க நனைந்த பிறகு முதல் துளி விழ முடியாது, குடை விரிவதற்கு முன் மடங்க முடியாது. அதனால் அங்கே ஷாட்டுகளை நம் இஷ்டத்துக்கு இடம் மாற்ற வழியில்லை.

இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அதையே செய்யத் தோன்றும். செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். நவம்பரில் நேர்மாறு. பெய்யும்போது எடுத்தவை ஒட்டிக்கொள்ளும். மழை விட்டு வெயில் வந்த பிறகு அதே தெருவில் எடுத்தவை ஒட்டாது.

நாகர்கோவிலுக்கு எனக்குத் தோன்றும் விதி வேறு. சுமை இறங்கும் கணத்தை மட்டும் எடுங்கள். ஏற்றுவது வேண்டாம், சுமந்து நடப்பது வேண்டாம். தலையிலோ தோளிலோ இருப்பது தரையைத் தொடும் கணம் மட்டும். தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன் பூ மூட்டை, வடசேரி சந்தையில் வாழைக்குலை, கோட்டாறு கடைவாசலில் அரிசி மூட்டை, பஸ் ஸ்டாண்டில் மீன் கொண்டுவரும் அம்மாவின் அலுமினியப் பாத்திரம், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூடப் பை. 2019-இல் மாநகராட்சி ஆன ஊர் இது. இதன் நாள் முழுவதும் வயலிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தவை கைமாறுவதில்தான் கழிகிறது. மேம்பால டைம்லாப்ஸில் இது தெரியாது.

அந்த மீன் பாத்திரம் இறங்குவதைக் கிட்டத்தில் பாருங்கள். தனியாக இறக்க முடியாது, பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு கை கொடுக்க வேண்டும். முழங்கால் மடங்கும், கழுத்து மட்டும் நேராகவே நிற்கும், பாத்திரம் தரையைத் தொட்டதும் 'ணங்' என்று ஒரு சத்தம். சும்மாடு தலையிலேயே இருக்கும். இரண்டு மூச்சு கழித்துத்தான் அதை எடுத்து உதறுவார்கள். அந்த இரண்டு மூச்சுக்காகத்தான் ஷாட்டைச் சீக்கிரம் வெட்டக்கூடாது.

போனைத் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் சிறிய முக்காலியில் வையுங்கள். 1எக்ஸ் லென்ஸ் மட்டும்; அல்ட்ராவைடும் வேண்டாம், ஜூமும் வேண்டாம். தூரம் இரண்டு மீட்டர். சுமை ஃபிரேமின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஐந்து வினாடி முன்பே ஓடத் தொடங்கி, இறங்கிய பின் பத்துப் பதினைந்து வினாடி விடுங்கள். ஒரு டேக் 20 வினாடி. படத்தில் ஒரு ஷாட் சராசரி 12 வினாடி என்றால் 40 ஷாட்டுக்கு எட்டு நிமிடம். ஒன்றுக்கு மூன்று டேக் எடுத்தாலும் மொத்தம் 40 நிமிடக் காட்சிதான். மூன்று மணி நேரத்தைக் கிளறுவதைவிட இதில் வேலை மிகக் குறைவு.

இதில் எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில். ஆளைப் பின்தொடர்வார்கள். பட்டனை அழுத்துவதற்குள் மூட்டை இறங்கிவிடும், அவசரத்தில் கேமரா ஆடும். ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள். தராசுக்கு முன்னால், பஸ்ஸின் பின்படிக்குக் கீழே, லாரியின் வால்பலகைக்குப் பக்கத்தில் சுமை அங்கேதான் வந்து இறங்கும். ஃபிரேமை வைத்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிட்டுக் காத்திருங்கள். கேமராவை ஒளிக்க வேண்டாம். முதல் அரைமணி நேரம் எல்லாரும் பார்ப்பார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

இப்போது விளக்குத் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/50 அல்லது 1/100 வினாடி என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும்) ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். வினாடிக்கு 120 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் ஷட்டரை 1/120 வினாடிக்கு மேல் திறந்து வைக்க முடியாது, அதனால்தான் துடிக்கிறது. இந்தப் படத்துக்கு ஸ்லோமோஷனே வேண்டாம். எடை இறங்கும் வேகம்தான் விஷயம், அதை மெதுவாக்கினால் எடை போய்விடும். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. ஐபோனில் அமைப்புகளுக்குள் பால் ஃபார்மட்டை இயக்கினால் 25 வரும். ஆண்ட்ராய்டில் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், ஆனால் எல்லா போனிலும் ஓடாது. 25 கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் 30-இலேயே எடுங்கள், ஷட்டர் அதே 1/50. இரண்டையும் கலக்காதீர்கள். சில எல்.இ.டி. பெயர்ப்பலகைகள் இதற்கும் அடங்காது. ஐந்து வினாடி எடுத்துப் பார்த்து, துடித்தால் பலகையை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

பகலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 50, லென்ஸ் எஃப் 1.8 என்றால் உச்சி வெயிலுக்கு ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி. அதற்கு வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் என்.டி. 64 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் வேண்டும். கிளிப்பில் மாட்டும் ஃபில்டர் போதும். சுற்றிச் சுற்றி இருட்டாக்கும் வேரியபிள் ஃபில்டர் வேண்டாம், நடுவில் சிலுவை போல நிழல் விழும். வெள்ளை எது என்று போனுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸை விடியல் முதல் இரவு வரை 5600 கெல்வினிலேயே வையுங்கள். ஆட்டோவில் விட்டால் தோவாளையின் விடியல் நீலமும் அந்தியின் மஞ்சளும் ஒரே வெள்ளையாகிவிடும்.

ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் நாட்களிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், ஏறத்தாழ மதியம் 12.20-க்கு. அப்போது மூட்டையின் நிழல் அதன் நேர் கீழே கிடக்கும்; மூட்டை இறங்க இறங்க இரண்டும் நெருங்கித் தரையில் ஒட்டும். கோட்டாற்றில் மேலே மறைப்பில்லாத ஒரு கடைவாசலை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

சத்தம் பின்தங்குவதற்குக் காரணம், போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் பிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைப்பது. எடிட்டிங்குக்கு முன் எல்லா ஃபைலையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். வெட்டுவது டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் என்றால் முதல் கிளிப்பை இழுத்துப் போடுவதற்கு முன்பே டைம்லைனை 25 (30-இல் எடுத்திருந்தால் 30) ஆக்க வேண்டும், பிறகு மாற்ற விடாது.

இந்தப் படத்தில் பாதி வேலை ஒலிதான். பூ மூட்டை கிட்டத்தட்டச் சத்தமில்லாமல் இறங்கும். குலை 'தொப்'. அரிசி மூட்டையின் அதிர்வு தரை வழியாக வரும். அலுமினியம் கணீரென்று ஒலிக்கும். இந்த வரிசையே உங்கள் பின்னணி இசை. வேறு இசை வேண்டாம். தனி ரெக்கார்டரை, இல்லாவிட்டால் இரண்டாவது போனை, சுமை இறங்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் தரையோரமாக வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணையுங்கள்; இல்லையென்றால் மூட்டை விழுந்ததும் அளவு அமுங்கி, பிறகு கூட்டத்தின் இரைச்சல் அலைபோல் ஏறும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். பக்கத்துக் கடையில் பாட்டு ஓடினால் அந்த ஒலியை வெட்ட முடியாது, பாட்டு குதிக்கும். உரிமைச் சிக்கலும் உண்டு. கடை திறப்பதற்கு முன் வந்து, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள்.

வெட்டும்போது சுமை தரையைத் தொட்ட பிரேமிலேயே வெட்ட வேண்டாம், அது மறுபடியும் டீசராகிவிடும். உடல் நிமிர்ந்த பிறகு வெட்டி, அடுத்த ஷாட்டில் காத்திருப்பிலிருந்து தொடங்குங்கள்.

சந்தையில் சுமைதூக்கும் அண்ணன்மாரிடம் முதலில் பேசி, என்ன எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்பவரை எடுக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் முகம் வேண்டாம், பையும் கையும் போதும். அதற்கும் வீட்டில் கேளுங்கள். ரயில் நிலையத்தில் எடுக்க முன் அனுமதி வேண்டும், இந்தப் படத்துக்கு அது தேவையும் இல்லை.

முதலில் தோவாளையில் பத்து ஷாட் எடுங்கள். இசை சேர்க்காமல், வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.