இரசாயனவியலில் 28: பிரிவை மாற்றுமுன் விடைத்தாளைப் பாருங்கள்

அம்மா, சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை 12ஆம் தரத் தவணைப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு 28 எடுத்திருக்கிறாள். அதற்காகக் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மருத்துவம், விவசாயம் என்று போகும் உயிரியல் பிரிவுக்கும் பொறியியலுக்குப் போகும் கணிதப் பிரிவுக்கும் பொதுவான பாடம் இரசாயனவியல்தான். அதை விட்டால் இரண்டு வாசலும் சேர்ந்தே அடைபடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், விவசாயம் போன்ற கற்கைநெறிகளுக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் ஒதுக்கப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. ஆகவே பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் கொழும்புப் பிள்ளைகள் எடுப்பதை வைத்து உங்கள் மகளை அளக்காதீர்கள்.

முதலில் விடைத்தாளைக் கையில் எடுங்கள். 12ஆம் தரத் தொடக்கத்தில் புள்ளி போவது பெரும்பாலும் பிணைப்பிலும் வாயு நிலையிலும்தான். வாயுக் கணக்குகளைப் பார்க்க உங்களுக்கு இரசாயனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் என்று கொடுத்த இடத்தில் 273ஐக் கூட்டி 300 என்று எழுதியிருக்கிறாளா? ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கிறதா? இந்த இரண்டும் இல்லாவிட்டால் பிரச்சினை மூளையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தைச் சில வாரங்களில் திருத்தலாம்.

பிள்ளை கவனிக்க வேண்டியது இது. பீவீ சமன் என்ஆர்டீ என்ற வாயுச் சமன்பாட்டில் (அமுக்கம் × கனவளவு = மூல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை) ஆர் என்ற வாயு மாறிலியை 8.314 என்று எடுத்தால் அமுக்கம் பஸ்காலிலும் கனவளவு கனமீற்றரிலும் வெப்பநிலை கெல்வினிலும் இருந்தே ஆக வேண்டும். ஒரு கன டெசிமீற்றர் என்பது கனமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று; ஒரு கன சென்ரிமீற்றர் பத்து இலட்சத்தில் ஒன்று. இந்த மாற்றத்தைக் கடைசி வரியில் செய்யப்போனால் பூச்சியம் தவறிப்போகும். தரவை எழுதும் முதல் வரியிலேயே மாற்றிவிட வேண்டும். உயர்தர இரசாயனவியல் பரீட்சையில் கல்குலேட்டர் கிடையாது. வீட்டில் போனில் பெருக்கிப் பழகிய பிள்ளை மண்டபத்தில் திணறுவது அதனால்தான்.

மனப்பாடம் எங்கே காலை வாரும் என்பதற்கு மலையகத்திலேயே நல்ல கணக்கு இருக்கிறது. 0.024 கிராம் மக்னீசியத்தை மிகையான ஐதரோகுளோரிக்கமிலத்தில் போட்டால் 0.001 மூல் ஐதரசன் வரும். கொழும்பில் 27 பாகையில், அமுக்கம் 100 கிலோபஸ்கால் என்று கொண்டால் உலர்ந்த வாயுவின் கனவளவு 24.9 கன சென்ரிமீற்றர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே; வளியமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால்தான். அங்கே 17 பாகையில் அதே மக்னீசியத்திலிருந்து 29.8 கன சென்ரிமீற்றர் கிடைக்கும். குளிரில் வாயு சுருங்கும்தான். ஆனால் குறைந்த அமுக்கம் அதைவிட அதிகமாக விரித்துவிடுகிறது. "ஒரு மூல் என்றால் 24 கன டெசிமீற்றர்" என்று நெட்டுரு போட்ட பிள்ளை இங்கே மாட்டிக்கொள்வாள். நீரின் மேல் சேகரித்தால் இன்னொரு படி உண்டு: 17 பாகையில் நீராவியின் அமுக்கம் ஏறத்தாழ 1.9 கிலோபஸ்கால். 81இலிருந்து அதைக் கழித்த பிறகுதான் ஐதரசனின் பகுதியமுக்கம் வரும். கலவையின் மொத்த அமுக்கம் பகுதியமுக்கங்களின் கூட்டுத்தொகை என்ற தாற்றனின் விதியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளும் இந்தக் கழித்தலை மறந்துவிடுகிறார்கள்.

பிணைப்பில் சிக்கல் வேறுவிதம். "நீர் கொதிக்கும்போது ஐதரசனும் ஒட்சிசனும் பிரிகின்றன" என்று எழுதியிருந்தால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஐதரசன் பிணைப்பு. அதன் வலிமை மூலுக்கு 20 கிலோயூல் அளவுதான். மூலக்கூறுக்குள் இருக்கும் ஒட்சிசன்–ஐதரசன் பங்கீட்டுப் பிணைப்பை உடைக்க 463 கிலோயூல் வேண்டும். அடுப்புச் சூட்டுக்கு அது அசையாது. நுவரெலியாவில் நீர் 94 பாகையளவில் கொதிப்பதும் பருப்பு வேகச் சுணங்குவதும் வெளியமுக்கம் குறைவதால்தான், பிணைப்பு அதேதான்.

பிணைப்புகளையும் தனிச்சோடி இலத்திரன்களையும் காட்டும் லூயிஸ் கட்டமைப்புக்கு நைத்திரேற்று அயனை வெற்றுத்தாளில் வரையச் சொல்லுங்கள். நைதரசனின் 5, மூன்று ஒட்சிசனின் 18, மறை ஏற்றத்துக்கு 1. மொத்தம் 24 இலத்திரன், அதாவது 12 சோடி. மூன்று சோடியை ஒற்றைப் பிணைப்புகளாகப் போட்டு, மிச்சம் ஒன்பதை ஒட்சிசன்களுக்குக் கொடுத்தால் நைதரசனிடம் ஆறு இலத்திரன்தான் இருக்கும். ஓர் ஒட்சிசனின் தனிச்சோடியை இரட்டைப் பிணைப்பாக்கினால் எட்டாகிவிடும். பிள்ளைகள் இரண்டு இரட்டைப் பிணைப்பு போட்டு நைதரசனுக்குப் பத்து இலத்திரன் கொடுத்துவிடுவார்கள். பொசுபரசு எட்டைத் தாண்டும், நைதரசன் தாண்டாது. கடைசியில் ஏற்றங்களைக் கூட்டிப் பார்க்கட்டும்: நைதரசன் +1, இரண்டு ஒட்சிசன் −1 வீதம், மொத்தம் −1. கூட்டல் சரிவராவிட்டால் படம் பிழை. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும்.

இதற்காக உடனே ஹட்டனிலோ கண்டியிலோ இன்னொரு டியூஷன் தேட வேண்டாம். பஸ்ஸில் போகும் நேரம் படிப்பிலிருந்துதான் கழியும். தேசிய கல்வி நிறுவகம் இப்பாடத்துக்குத் தமிழில் வெளியிட்ட வளநூல்கள் இருக்கின்றன; அவற்றில் பிணைப்பு, வாயு நிலை என்ற இரண்டு பாட அலகையும் முதலில் முடிக்கட்டும். பிறகு கடந்தகால வினாத்தாள்களிலிருந்து வாயுக் கணக்கு மட்டும் நாளுக்கு இரண்டு, கையால் பெருக்கி.

ஆறு வாரம் கழித்து அதே தவணைத் தாளை, பார்க்காமல், நேரம் வைத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். 45ஐத் தாண்டினால் பிரிவு மாற்றும் பேச்சை விட்டுவிடுங்கள். அலகும் கெல்வினும் சரியாக எழுதியும் 30ஐத் தொடவில்லையென்றால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, இரண்டு விடைத்தாளோடும் பாட ஆசிரியரைப் பாருங்கள். கலைப்பிரிவைப் பற்றி யோசிக்குமுன் தொழினுட்பப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்; இரசாயனவியலைத் தனிப் பாடமாக எடுக்காமலே அங்கிருந்து பல்கலைக்கழகம் போகலாம். எதுவானாலும் 12ஆம் தரத்துக்குள்ளேயே முடிவெடுங்கள். 13இல் மாறினால் இரண்டு வருடப் பாடத்தை ஒரு வருடத்தில் ஓட்ட வேண்டிவரும்.