ஹீரோஸ் 3: விரிவாக்கங்கள் எங்கே?

வணக்கம் அண்ணே. ஹீரோஸ் 3 கணினி விளையாட்டின் 2015-ல் வந்த எச்டி பதிப்பை ஸ்டீம் இணையக் கடையில் வாங்கினேன், ஆர்மகெடான்ஸ் பிளேடு, ஷேடோ ஆஃப் டெத் என்ற இரண்டு விரிவாக்கங்களையும் (கூடுதல் பகுதிகள்) காணோம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை. அந்தப் பதிப்பில் அவை கிடையவே கிடையாது. வாங்கி 14 நாள் தாண்டாமல், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் 'கம்ப்ளீட்' பதிப்பை எடுங்கள், இரண்டும் உள்ளேயே இருக்கும். படத்தின் அளவு மட்டும் பழைய 800×600 புள்ளிகள்தான். ஆர்வலர்கள் செய்த 'எச்டி மோட்' என்ற கூடுதல் நிரலைப் போட்டால் அகலத் திரைக்குச் சரியாகிவிடும்.

அப்புறம், ஹாட்சீட்டை, அதாவது ஒரே கணினியில் முறை மாற்றி ஆடுவதை, விட்டுவிடாதீர்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் பெரியப்பா பையனும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடுவோம். அவன் முறையில் நான் டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் விளையாட்டில் நான் பிடித்து வைத்த மர ஆலையில் அவன் கொடி பறக்கும்.