ஆசியான் வரிச்சலுகையால் சின்ன வியாபாரிக்குப் பயன் உண்டா?

கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கிறவரா, கடை திறக்கப் போகிறவரா தெரியவில்லை. கடை என்றே வைத்துக்கொள்கிறேன். நான் அடி வாங்கியது அங்கேதான்.

மலேசியாவில், பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். 2012 தீபாவளிக்கு முன்பு சிங்கப்பூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் முறுக்கு உரல், இட்லிப் பானை எல்லாம் எடுத்தேன். ஆசியான் என்பது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு, சிங்கப்பூரும் ஆசியான், நாமும் ஆசியான், தடையற்ற வர்த்தகத்துக்கு 1992இலேயே கையெழுத்துப் போட்டாயிற்று, அப்புறம் என்ன வரி என்று நினைப்பு. லாரி ஜொகூரில் நின்றுவிட்டது. எங்கே வாங்கினாய் என்று கஸ்டம்ஸில் கேட்கவில்லை, எங்கே செய்தது என்று கேட்டார்கள். பெட்டியிலேயே ‘மேட் இன் இந்தியா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆசியான் சலுகைக்கு ஃபாரம் டி வேண்டும், அதாவது பொருள் ஆசியான் நாட்டில் உருவானது என்ற சான்றிதழ். அது கிடைக்க, பொதுவாகப் பொருளின் மதிப்பில் 40 சதவீதமாவது ஆசியான் நாடுகளில் உருவாகியிருக்க வேண்டும், அல்லது கச்சாப்பொருள் அங்கே வேறு வகைப் பொருளாக மாறியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இறங்கி ஏறியதால் இந்திய உரல் சிங்கப்பூர் உரல் ஆகிவிடாது. இந்தியச் சரக்குக்கு ஆசியானும் இந்தியாவும் போட்ட தனி ஒப்பந்தம், 2010 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு ஃபாரம் ஏஐ (இப்போது எல்லோரும் பேசும் ஏஐ இல்லை). இந்தியாவிலிருந்து வந்த ஃபாரத்தை வைத்து சிங்கப்பூரிலேயே ‘பேக் டு பேக்’ சான்றிதழ், அதாவது அதன் பேரில் எழுதித் தரும் மறு சான்றிதழ், கேட்டிருக்கலாம். விற்றவரும் சொல்லவில்லை, ஏஜெண்டும் வாயைத் திறக்கவில்லை. முழு வரியையும் கட்டித்தான் எடுத்தேன். அந்த வருஷம் லாபம் என்று ஒரு வெள்ளி நிற்கவில்லை.

உடனே பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒப்பந்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. இப்போது சென்னையிலிருந்து நேராக எடுக்கிறேன், ஃபாரம் கைக்கு வந்துவிடும் என்று உறுதியானால்தான் பணம் அனுப்புகிறேன், சலுகை கிடைக்கிறது. தாள் வேலைக்குத் தனி ஆள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு இது முதல் நாளே தெரியும், எனக்கு ஒரு தீபாவளி போன பிறகு தெரிந்தது, அவ்வளவுதான். ஆசியானோடு சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்தம் வந்தும் எங்கள் சரக்குக்கு மாற்றமில்லை. இந்தியாதான் 2019இலேயே விலகிக்கொண்டதே.

உண்மையில் என் வயிற்றெரிச்சல் வரி இல்லை. கடைக்குள் வந்து உரலைத் தட்டிப் பார்த்து, அச்சு எத்தனை என்று எண்ணி, படம் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றே போனில் வேறிடத்தில் ஆர்டர் போடுகிறார்களே, அதற்கு எந்த ஃபாரம்?