ஸ்போர்ட்ஸ் கார் ஐடிலில் மட்டும் நடுங்குகிறது, அடுத்து காயிலை மாற்றலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வண்டி வேகத்தில் நன்றாக இழுக்கிறது. நிறுத்தி ஐடிலில் விட்டால், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஓடவிட்டால், ஸ்டீயரிங், சீட் எல்லாம் நடுங்குகின்றன. நான்கு ப்ளக்கையும் மாற்றியும் குறையவில்லை. அடுத்து, ப்ளக்குக்குத் தீப்பொறி வோல்டேஜ் தரும் காயிலை வாங்கலாமா என்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். என் பழைய இரண்டு சீட் வண்டிக்கும் இதே தொல்லைதான். ப்ளக்கை மாற்றினேன், நான்கு காயிலையும் மாற்றினேன், இஞ்செக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டேன். நடுக்கம் அப்படியே இருந்தது. காரணம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) கீழே, விரல் நீளமே உள்ள ஒரு ரப்பர் ஹோஸில் விட்டிருந்த வெடிப்பு. இரண்டு மாதம் அதன் மேலேயே கைவைத்து வேலை பார்த்திருக்கிறேன், அடிப்பக்கம் கண்ணில் படவே இல்லை.

அன்று நான் கவனிக்காமல் விட்டது, நீங்களே சொல்லும் அறிகுறியை. வேகத்தில் நன்றாக இருக்கிறது, ஐடிலில் மட்டும் கெடுகிறது. காயில் பலவீனமானால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தத்தில் ப்ளக் இடைவெளியைத் தாண்ட தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை. அதனால் சோர்ந்த காயில் மேடு ஏறும்போதும் முந்தும்போதும்தான் முதலில் மிஸ் அடிக்கும், அதாவது தீப்பிடிக்காமல் விட்டுப்போகும். ஐடிலில் மட்டும் தொல்லை என்றால் என் முதல் சந்தேகம் காற்றின் மேல்.

ஐடிலில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் உருவாகிறது. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சினில் அது பாதரச அளவில் சுமார் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். அந்த இழுப்பில் சின்ன வெடிப்பு வழியாகக்கூட வெளிக்காற்று உள்ளே பாயும். உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி நுழையும் இந்தக் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் எஞ்சினுக்கு 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. கணக்கில் வராத காற்று கலந்தால் கலவை மெலிந்து, சில சுற்றுகளில் தீயே பிடிக்காது. அதே ஓட்டை வேகத்தில் ஒரு பொருட்டே இல்லை. த்ராட்டில் திறந்து காற்று வெள்ளமாக உள்ளே போகும்போது இந்தக் கசிவு அதில் கரைந்துவிடும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணாகவே பார்க்கலாம். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) செருகும் சாதாரண ஸ்கேனரே போதும். ஃப்யூயல் ட்ரிம் என்பது கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+), குறைக்கிறது (−) என்ற எண். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அதன் குறுகிய கால எண்ணையும் நீண்ட கால எண்ணையும் கூட்டுங்கள். ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து இன்னொருமுறை. என் வண்டியில் ஐடிலில் கூட்டல் 24 சதவீதம், 2500-இல் கூட்டல் 4. ஐடிலில் உயர்ந்து, வேகத்தில் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்தால் வேக்குவம் லீக்கைத் தேடுங்கள். வேகத்திலும் உயர்ந்தே இருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள். கழித்தலில் போனால் பெட்ரோல் அதிகம்: ஒழுகும் இஞ்செக்டரோ, டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பதோ இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: மிஸ் ஆகும் சிலிண்டர் எரியாத ஆக்சிஜனையும் சைலன்சர் பக்கம் தள்ளும். அதை ஆக்சிஜன் சென்சார் மெலிந்த கலவை என்று எடுத்துக்கொண்டு எண்ணை ஏற்றிவிடும். அதனால் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் வண்டி என்றால் கதையே வேறு. அதில் லீக் பெரும்பாலும் ஐடிலை ஏற்றிவிடும், ட்ரிம் அவ்வளவு மாறாது.

ஸ்கேனரில் பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ்) போல ஒரே சிலிண்டரைக் குறிக்கும் எரர் கோடு வந்தால் மட்டும் காயில் பக்கம் போங்கள். அப்போதும் புதிதாக வாங்க வேண்டாம். மூன்றாவது காயிலை ஒன்றாவதில் மாட்டுங்கள். எரர் கோடும் பி0301 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் இல்லை.

லீக்கைத் தேட கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஹோஸ்கள் மேல் அடித்துப் பார்ப்பார்கள், ஐடில் மாறும் இடத்தில் ஓட்டை. நானும் அப்படித்தான் தொடங்கினேன், இப்போது யாருக்கும் சொல்வதில்லை. சூடான எஞ்சின் மேல் எரியக்கூடிய திரவத்தைத் தெளிப்பது ஆபத்து, அடியில் இருக்கும் வெடிப்புக்கு அது போய்ச் சேருவதும் இல்லை. ஸ்மோக் டெஸ்ட்தான் சரி. எஞ்சினை அணைத்து, இன்டேக்குக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டால் ஓட்டை தன்னையே காட்டிக்கொடுக்கும். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிசிவி வால்விலிருந்து (எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வரும் அந்த ஹோஸின் அடியிலிருந்து புகை நூலாக எழுந்தது. ரப்பர் எண்ணெய் ஆவியில் ஊறி, வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தது. புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், அவ்வளவுதான் வேலை. பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்து ஓட்டிய பிறகு ஐடிலில் கூட்டல் 3 காட்டியது. 600-க்கும் 950-க்கும் இடையே அலைந்த ஆர்பிஎம் 800-இல் நின்றது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்றைச் சரிபாருங்கள். ஸ்கேனரில் ஆர்பிஎம் அசையாமல் நின்றும் சீட் மட்டும் நடுங்கினால் எஞ்சினில் குறையே இல்லாமல் இருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள், பல வண்டிகளில் அது சின்ன ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. முந்தைய சொந்தக்காரர் ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டிருந்தால் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம், அந்த எஞ்சின் ஐடிலில் தத்தித் தத்தித்தான் ஓடும். அது நோய் இல்லை.

ட்ரிம் சரியாக இருந்து, லீக்கும் இல்லை, காயிலும் நன்றாக இருக்கிறது என்றால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். டைரக்ட் இஞ்செக்ஷன் எஞ்சினில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை, அங்கே கரி கெட்டியாகக் குந்தும். கடைசியாக, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் வால்வோ, ரிங்கோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அங்கே ஹோஸ் கிளாம்ப் உதவாது.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தபடி இருப்பது ஒன்று, விட்டுவிட்டு மின்னுவது வேறு. மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

இன்று எதையும் வாங்காமல் அந்த இரண்டு கூட்டுத்தொகையையும் எடுத்து, வண்டி மாடலோடு கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.